எரிந்த டீசல் எங்கே போகிறது?

அந்தக் கணக்கு ஒரு மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இடப்பக்கம் ஓடிய கிலோமீட்டர், வலப்பக்கம் நிரப்பிய லிட்டர். எழுதியவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். சாங்கி விமானச் சரக்கு நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பூவும் வெற்றிலையும் காய்கறியும் ஏற்றி வருகிறவர். இரவு விமானத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கும் மல்லிகை, வெயில் ஏறுவதற்குள் கேம்பல் லேன் பூக்கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதை இறக்கிவிட்டு ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று ஒரு சுற்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

வண்டி 2008இல் பதிவான டீசல் பிக்கப். நன்றாக இருந்த காலத்தில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தது. காலண்டர் இப்போது காட்டியது 8.2. நாளைக்கு 3 லிட்டர் கூடுதல். மாதம் 26 நாள் ஓடினால் 80 லிட்டர். சிங்கப்பூரில் 2017 பிப்ரவரியில் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வரி வந்தது. 2019 பிப்ரவரியில் அது 20 காசானது. அந்த 80 லிட்டருக்கு வரி மட்டுமே 16 வெள்ளி. டீசல் விலை தனி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆக, எந்தச் சரக்கையும் ஒரு அடிகூட நகர்த்தாமல் மாதம் 200 கிலோவுக்கு மேல் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

"வயசாயிடுச்சு தம்பி, வேற என்ன" என்றார் அண்ணன்.

எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. வயது தானாக டீசலைக் குடிக்காது. வயதான ஏதோ ஒரு பாகம் குடிக்கிறது. அது எந்தப் பாகம் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். கேட்க வேண்டிய தேவையும் இருந்தது. சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆயுள் 20 ஆண்டு. 10 ஆண்டு முடிந்ததும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். 10 ஆண்டைக் கடந்த சரக்கு வண்டி 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வர வேண்டும், அதையும் தவறாமல் செய்கிறார். 2028 வரை இந்த வண்டிதான் அவருடைய பிழைப்பு.

முதலில் செய்ய வேண்டியது, குறைந்திருப்பது உண்மையா என்று பார்ப்பது. டேங்க் முள்ளை நம்பிப் போடும் கணக்கு கணக்கே இல்லை. ஒரே பெட்ரோல் நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், நாசில் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை போதாது, மூன்று தடவையாவது வேண்டும். கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். அது சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, சாலையை அளப்பதில்லை. புது டயரில் 8 மில்லிமீட்டர் இருக்கும் பட்டை தேய்ந்து 2 மில்லிமீட்டர் ஆனால், சக்கரத்தின் சுற்றளவு 2 சதவீதம் அளவுக்குக் குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும். மைலேஜ் உண்மையைவிடச் சற்று நல்லதாகத் தெரியும். பெரிய அளவு டயர் மாட்டியவர்களுக்கு இதற்கு நேர்மாறு. வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலே மைலேஜ் விழுந்துவிட்டதாகப் பதறுவார்கள். அண்ணன் டயர் அளவை மாற்றவில்லை. மூன்று தடவை நிரப்பிப் பார்த்தோம். 8.2 நிஜம்தான்.

இனி அந்த லிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 2 கிலோவாட் மின்கேத்தலை இடைவிடாமல் 5 மணி நேரம் கொதிக்க வைக்கலாம். ருடால்ஃப் டீசல் தன் இயந்திரத்தைக் கட்டியதே இந்த ஆற்றலை விரயமாக்கக் கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில்தான். அவர் காலத்து நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே வேலையாக மாற்றின. 1897 பிப்ரவரி 17 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் டீசலின் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியிருந்தது. அன்றைக்கு அது எவரும் எட்டாத எண். இன்றைய சிறிய டீசல் இன்ஜின் நல்ல நிலைமையில் 40 சதவீதம்கூடத் தொடும். ஆனால் சாலையில், நின்று நின்று, பாதிப் பாரத்தோடு, கியர்பெட்டியும் டிஃபரென்ஷியலும் தங்கள் பங்கை எடுத்தபின் சக்கரத்துக்கு வந்து சேருவது கால் பங்குதான். 36இல் 9 மெகாஜூல் என்று வைத்துக்கொள்வோம்.

மீதி 27 என்ன ஆனது? வெப்பமாகிவிட்டது. ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெளியே போயிற்று. சக்கரத்துக்கு வந்த 9 மெகாஜூலும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது: டயரில், பிரேக்கில், வண்டி கிழித்துச் செல்லும் காற்றில். ஆற்றல் அழியாது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஒர்க்‌ஷாப்பில் அது துப்புத் துலக்கும் கருவியாகிவிடுகிறது. கூடுதலாகக் குடிக்கப்பட்ட 3 லிட்டரும் ஒன்று எரியாத புகையாகப் போயிருக்க வேண்டும், அல்லது வழக்கத்தைவிட அதிகமாக ஏதோ ஓரிடத்தைச் சூடாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி, ஒழுகல். அதை வண்டி நிற்குமிடத்துத் தரையே காட்டிக் கொடுக்கும். ஆகவே சூட்டைத் தேடிப் போனோம்.

அதற்கு முன் எவ்வளவு சூட்டைத் தேடுகிறோம் என்பதற்கு ஒரு மதிப்பீடு. சரக்கோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகிறது. 3,500 கிலோவுக்கு மேற்படாத இலகு ரகச் சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் இங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் அதுதான். டயர்கள் உருளுவதற்கு எதிராக சுமார் 300 நியூட்டன் விசை, காற்று தள்ளுவது இன்னொரு 300. இரண்டும் சேர்த்து 600 நியூட்டன், அதாவது 60 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு இழுவை. இவ்வளவு பெரிய வண்டியைச் சமதளத்தில் நகர்த்திக்கொண்டிருக்க ஓர் ஆளைத் தூக்கும் விசை போதும் என்பது எனக்கு எப்போதுமே வியப்பு. இந்த விசை சிறியது என்பதால்தான் சின்ன உராய்வு ஒன்று புதிதாகச் சேர்ந்தாலும் மைலேஜில் பளிச்சென்று தெரிகிறது.

ஒரே ஒரு சக்கரத்தில் பிரேக் முழுதாக விடாமல் லேசாக உரசிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் விளிம்பில் 100 நியூட்டன், பத்துக் கிலோவைத் தூக்கும் விசை. ஸ்டியரிங்கில் அது தெரியாமலே போகலாம், ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை அரை விரல் கூடுதலாக அழுத்திச் சமாளித்துவிடுவார். ஆனால் 600 என்பது 700 ஆகிவிட்டது. இழுவையில் 17 சதவீதம் கூடிவிட்டது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உராய்வு உண்டாக்கும் வெப்பம் 2 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. சக்கரத்துக்குள் ஒரு மின்கேத்தலை ஓட விட்டுக்கொண்டு சாங்கியிலிருந்து ஜூரோங் வரை போவதும் இதுவும் ஒன்றே.

உராய்வு வெப்பமாவதை வேறு விதமாகச் சோதித்தவர் ஒருவர் உண்டு. பீரங்கிக் குழாய் குடையும்போது உலோகம் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று மியூனிக்கில் ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு, மழுங்கிய குடைகருவியைத் தண்ணீருக்குள் வைத்துக் குதிரையால் சுழற்ற வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பில்லாமல் நீர் கொதித்ததைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனதை அவர் 1798 கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். வெப்பம் ஒரு பொருள் அல்ல, இயக்கத்தின் இன்னொரு வடிவம் என்ற எண்ணத்துக்கு அது பெரிய தூணாயிற்று. உரசும் பிரேக் அதே பீரங்கிச் சோதனைதான். குதிரைக்குப் பதில் டீசல்.

ஒரு ஞாயிறு காலை, சாங்கிப் பக்கம் நேரான ஒரு சாலையில் ஓட்டிப் போனோம். சிக்னல் குறைவு, பிரேக் அதிகம் மிதிக்க வேண்டியதில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, பிரேக்கை ஏறக்குறையத் தொடாமலே ஓர் ஓரத்தில் நிறுத்தினோம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். துப்பாக்கி போலப் பிடித்து அழுத்தினால் எண் காட்டும் சாதாரணக் கருவி. பழைய மெக்கானிக்குகள் கையை வைத்தே சொல்வார்கள். கை சுட்டுக்கொள்ளும், செய்யாதீர்கள். கருவியிலும் ஒரு கவனம் வேண்டும். பளபளக்கும் உலோகம் தன் சூட்டுக்கு ஏற்ற கதிரை வெளியிடுவதில்லை, வானத்தின் கதிரை எதிரொளித்து ஏமாற்றும். துருப்பிடித்த அல்லது கறுத்த பரப்பில் அளந்தால்தான் எண் சரியாக வரும். ஒரே அச்சின் இடத்தையும் வலத்தையும் ஒரே புள்ளியில் அளந்து ஒப்பிட வேண்டும். தனித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை, வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம்.

முன் வலச் சக்கரத்தின் டிஸ்க் 68 டிகிரி. முன் இடது 131.

அண்ணன் கருவியை வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

காக்கி புக்கிட்டில் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுக் கையால் சுழற்றினோம். வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது, முக்கால் சுற்றில் நின்றது.

டிஸ்க் பிரேக்கில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மிதிக்கும்போது டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடைத் தள்ளுவதற்கு எண்ணெயின் அழுத்தம் இருக்கிறது. காலை எடுத்தபின் அதைத் திரும்ப இழுப்பது யார்? பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பர்கள் பெரும்பாலானவற்றில் அதற்கென ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் லேசாக உருமாறும். அழுத்தம் விலகியதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் சேர்த்துப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம். இரண்டரை டன் வண்டியைத் தடையில்லாமல் உருளவிடுவது அந்த ரப்பரின் ஞாபகசக்தி. ரப்பர் இறுகிப்போனால், பிஸ்டனில் துரு பூத்தால், காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்தால், அந்தச் சிறு பின்னம் பறிபோய்விடும். பேட் டிஸ்க்கைத் தொட்டபடியே நிற்கும்.

சிங்கப்பூரில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும் நீர் முதலில் எண்ணெயின் கொதிநிலையைக் குறைக்கிறது, பிறகு பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சாங்கிப் பக்கம் கடல் காற்றின் உப்பு வேறு. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை முழுதாக மாற்றுங்கள் என்பதை வண்டியோடு வரும் கையேட்டின் மூலையில் யாரோ எழுதி வைத்த சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ஊர்க் காற்றில் அது உயிர்க் காப்பு. அண்ணன் வண்டியில் எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பிரேக் ஹோஸும் சந்தேகத்துக்குரியது: வயதான ரப்பர் ஹோஸின் உள்சுவர் உப்பி, மிதிக்கும்போது எண்ணெயைப் போகவிட்டு, விடும்போது திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து, வளையங்களை மாற்றி, ஹோஸையும் புதிதாகப் போட்டார்கள்.

இரண்டு டயர்களில் காற்றும் குறைவாக இருந்தது. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தராது. ஒரு பங்கை உள்ளேயே சூடாக்கிவிடும். காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், சூடும் அதிகம். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி எல்லா டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் குறையும். கேட்க அற்பமாகத் தோன்றும். 10 பிஎஸ்ஐ குறைவாக மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரக்கு வண்டியில் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் வெறும் வண்டிக்கு ஓர் எண், பாரத்துக்கு ஓர் எண் இருக்கும். பாரம் ஏற்றுகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கையும் டயர் காற்றையும் சரிசெய்தபின், அடுத்த மூன்று டீசல் நிரப்பல்களில் 9.6 வந்தது. பாதி தூரம் வந்துவிட்டோம்.

மீதியைத் தேடும்போது அண்ணன் தற்செயலாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் கை கொடுத்தது. "டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு நடுவுல நிக்கும் தம்பி. எக்ஸ்பிரஸ்வேயில போனா கீழ இறங்கிடும். நம்ம வண்டி கூலா ஓடும்." பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் சூடு என்றாலே பயம். வெயில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. தமிழ்நாட்டில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருந்தது, இன்னும் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரனுக்குத்தான் அது வேண்டும், நமக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். இங்கேயும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்யப்படும் இந்தத் தவறு எத்தனை லட்சம் லிட்டர் டீசலைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்ன வால்வு. அதன் வயிற்றில் மெழுகு அடைத்திருக்கிறார்கள். இன்ஜினைச் சுற்றி வரும் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிச் சூடேறும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்கி வால்வு மூடும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. வெளியே 32 டிகிரியாக இருந்தாலும் பூஜ்யமாக இருந்தாலும் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டில் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அது இருக்கிறது. அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், விரைவுச்சாலையில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதும்போது இன்ஜின் 60 டிகிரிக்கு இறங்கிவிடும். நெரிசலில் நின்றால் காற்று இல்லை, மறுபடி ஏறும். அண்ணன் விவரித்தது இதேதான்.

60 டிகிரியில் என்ன கெட்டுவிடும்? சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு பிஸ்டனைத் தள்ள வேண்டும். சுவர் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டில் கூடுதல் பங்கை அதுவே உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். தள்ளுவதற்கு மிஞ்சுவது குறையும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். இங்கே டீசல் வண்டிகளில் பரவலாகப் போடப்படும் 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஏழு மடங்கு கெட்டி. 60க்கும் 90க்கும் இடையிலேயே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொரு பேரிங்கும் பிஸ்டன் வளையமும் அந்தக் கூழைக் கடைந்துகொண்டே ஓட வேண்டும். மூன்றாவது, இன்ஜினின் கணினி. இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் உணரி "இன்னும் சூடேறவில்லை" என்று சொல்வதால், காலையில் முதன்முதலாகக் கிளப்பிய வண்டிக்குக் கொடுக்கிற மாதிரியே நாள் முழுதும் டீசலைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிரேக்கில் சூடு அதிகமாக இருந்தது விரயம். இங்கே சூடு குறைவாக இருப்பது விரயம். இரண்டும் ஒரே கணக்குதான், சூடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

சரிபார்ப்பது எளிது. குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அந்த வெப்பமானியால் அளந்துகொண்டே இருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் பச்சைத் தண்ணீர்ச் சூட்டிலேயே இருந்து, பிறகு திடீரென ஏறும். சிக்கிய தெர்மோஸ்டாட் என்றால் முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல ஏறும். அண்ணன் வண்டி மெல்ல மெல்லத்தான் ஏறியது. கழற்றிப் பார்த்தபோது வால்வின் ஓரத்தில் துருக்கட்டி ஒன்று இடையில் மாட்டி, அதை மூடவிடாமல் வைத்திருந்தது. இன்ஜினைக் குளிர்விப்பதற்கு உரிய கூலன்ட் திரவத்தை ஊற்றாமல் பல வருடம் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியதன் பலன். புது தெர்மோஸ்டாட்டின் விலை பூக்கடையில் ஒரு பெரிய மாலையின் விலையை ஒட்டித்தான் இருந்தது.

எரிபொருள் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அங்கேதான் முதலில் கையை வைக்கிறார்கள், அங்கேதான் அதிகப் பணமும் போகிறது. இன்ஜெக்டர் நுனியிலுள்ள துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவு, இரண்டு தலைமுடி அகலம். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் அதன் வழியே பனிப்புகையாகச் சிதற வேண்டும். துளை தேய்ந்தால் பனி, துளியாகும். துளியின் நடுப்பகுதி எரிய நேரம் கிடைக்காமல் கரியாகும். அது கரும்புகையாக வெளியே தெரியும். வெள்ளைப் புகை எரியாத டீசல் ஆவி, நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. புகையே இல்லாத வண்டியில் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் ரிட்டர்ன் அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனிச் சிறு பாட்டிலில் ஒரே நேரம் பிடித்தால், கசியும் இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பும். சில நிமிட வேலை. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் கரும்புகை வரும், அழுத்தத்தோடு வர வேண்டிய காற்று வெளியே ஓடிவிடுவதால். மேடு ஏறும்போது உஸ் என்று சத்தம் கேட்கும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது, மாற்றினால் மைலேஜ் கூடும் என்று. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், இன்ஜெக்ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் எரிபொருள் சிக்கனம் குறிப்பிடும்படி மாறவில்லை, இழுவைதான் குறைந்தது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலை விடுகிறது கணினி. டீசலுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது, டீசல் இன்ஜினுக்குக் காற்று எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. ஆனாலும் 8.2ஐ 11 ஆக்கும் மாயம் ஃபில்டரில் கிடையாது. டீசல் குழாயில் கட்டும் காந்தம் போன்ற பொருள்களை வாங்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட சிக்கனக் கருவிகளைச் சோதித்துப் பார்த்தது. மிகச் சிலவே பலன் தந்தன, அதுவும் சொற்பம்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். 2,500 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நின்றால் 350 கிலோஜூல் பிரேக்கில் சூடாகிப் போகிறது. டீசலில் கணக்கிட்டால் 40 மில்லிலிட்டர். இருபத்தைந்து முறை அப்படி நின்றால் ஒரு லிட்டர். சிராங்கூன் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் விரட்டிப் போய்ப் பிரேக் போடுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் கியரை விடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தால், கணினி கட்டுப்படுத்தும் டீசல் இன்ஜின் தன் இன்ஜெக்டர்களை மூடிவிடும். அந்தத் தூரம் முழுவதும் ஒரு சொட்டு டீசலும் செலவாகாது. நியூட்ரலில் உருட்டினால் ஐட்லிங்குக்காவது டீசல் போகும், கட்டுப்பாடும் குறையும். நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜினை ஓட விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். ஏசி ஓட வைத்துக்கொண்டு சரக்குக்காகக் காத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் அளவில் கரையும்.

அடுத்தது எடை. அண்ணன் வண்டியில் இருக்கைக்கு அடியிலும் பின்தட்டிலுமாகப் பழைய சங்கிலி, உடைந்த டிராலி, இரும்புத் தகடு என்று 90 கிலோ சாமான் சேர்ந்திருந்தது. இறக்கினோம். ஆனால் எடையும் காற்றுத் தடையும் குறைய வேண்டும் என்று தட்டின் மேலுள்ள கூரையைக் கழற்றும் யோசனை சில லாரிக்காரர்களிடம் வருவதுண்டு. அதை நான் ஏற்கவே மாட்டேன். இந்தத் தீவில் எத்தனையோ லாரித் தட்டுகளில் தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரை சிக்கனக் கணக்கில் வரக்கூடிய பொருள் இல்லை. சிக்கனம் வேண்டுமானால் வேகத்தைக் குறைக்கட்டும். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது: 70இல் இருப்பதைவிட 90இல் 65 சதவீதம் அதிகம்.

தெர்மோஸ்டாட் மாற்றியபின் மூன்று நிரப்பல்களின் சராசரி 10.3. அண்ணன் புதிய காலண்டர் தாளில் அதைப் பேனாவால் எழுதினார். பழைய 11க்கும் இதற்கும் இடையில் 0.7 இன்னும் பாக்கி. இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளந்ததில் மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னதாக நிரம்பியது; மாற்றும் அளவுக்கு மோசமில்லை என்கிறார் மெக்கானிக். பின் டிரம் பிரேக்கின் ஹேண்ட்பிரேக் கேபிளும் ஈரத்தில் இறுகியிருக்கிறது, அதை அடுத்த பரிசோதனைக்கு முன் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெப்பமானியை அண்ணன் என்னிடமிருந்து வாங்கி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டார். விடியற்காலை நான்கரைக்கு, மல்லிகைப் பெட்டிகள் சுங்கம் முடிந்து வரும்வரை, சரக்கு நிலையத்து விளக்கு வெளிச்சத்தில் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக அளந்து காலண்டரில் குறிக்கிறாராம்.